வலது பக்கம் நின்று கூப்பிடு

சேகரு,

முதலில் எங்கேயாவது உட்கார். நின்றுகொண்டே படித்தால் பாதியிலேயே ஓடிப்போய் டாக்டரிடம் ஏதாவது கேட்டுவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? வார்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து நிதானமாகப் படி. நீ உங்கம்மாவைக் கூட்டிவர ஊருக்குக் கிளம்பிப் போனாய். மத்தியானச் சாப்பாடு முடிந்து பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட ஆரம்பித்ததும் நான் இதை எழுத உட்கார்ந்தேன். பேனா அவர் மகளுடையது. நாளைக் காலையில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுத்துவிடுவேன்.

நேராகப் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேராகப் பேச ஆரம்பித்தால் இந்த முகம் விடாது. மனசு கொஞ்சம் பொங்கினால் போதும், வலது கண் இழுத்து மூடிக்கொள்கிறது, வாய்க்கோடி காதுப் பக்கம் ஏறிக்கொள்கிறது. நீ உடனே ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாய். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்றுதான் பார்க்காமல் இருக்கிறாய், தெரியும். ஆனால் பார்க்காத ஆளிடம் என்னத்தைப் பேசுவது? இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்குப் பிறகு நமக்குள் பேச்செல்லாம் காகிதத்தில்தான் என்று ஆகிவிட்டால், முதல் காகிதம் என்னுடையதாக இருக்கட்டும். பயமாக இருக்கிறது, சேகரு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலில் காற்று திரும்பி மாட்டிக்கொண்ட அன்றுகூட கைக்கு வேலை இருந்தது, பயப்பட நேரம் இல்லை. இங்கே கையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறேன், நாள் முழுக்கப் பயத்தோடு மட்டும்தான் பேச்சுவார்த்தை.

என் இடது காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. அது உனக்குத் தெரிந்த கதை மட்டுமில்லை, நீ அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டவன். ஏழாவது படிக்கும்போது என் இடது பக்கம் வந்து நின்று, "நைனா, பொன்னேரிக்கு சினிமாவுக்குப் போறேன்"னு முணுமுணுத்துவிட்டு ஓடிப்போவாய். திரும்பி வந்ததும் நான் பிரம்பைத் தேடினால், "சொல்லிட்டுத்தான போனேன், நீதான் தலைய ஆட்டுன"ன்னு சாதிப்பாய். வலைக்கு முடிச்சுப் போடும்போது என் தலை தானாக ஆடும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய், திருட்டுப் பயலே. அடிக்கக் கை ஓங்கினேனே தவிர, கொல்லைப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்கம்மா கதை உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காது கேட்காது என்று பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வந்த புதிதில் அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்து என்னென்னவோ பேசியிருக்கிறாள். அவள் வீட்டு விஷயம், அவள் தங்கச்சி விஷயம், அவளுக்குப் பிடித்தது, பிடிக்காதது. நான் மரக்கட்டை மாதிரி இருந்திருக்கிறேன். இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அவளே முடிவு செய்து, ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகுத்துறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா வந்துச்சு உனுக்கு?"ன்னு துறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். அன்றைக்கு என் வலது பக்கம் மாறி நடந்து வந்தவள்தான், இன்றைக்கு வரைக்கும் பாயைக்கூட அந்தப் பக்கம்தான் போடுகிறாள். நீயும் அடுத்த மாதம் மாப்பிள்ளை ஆகப்போகிறாய். உனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று மிதப்பாக இருக்காதே. எல்லா ஆம்பிளைக்கும் கேட்காத பக்கம் ஒன்று இருக்கிறது. அது எது என்று கலாவிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடு, அவள் பெட்டி கட்டும் வரைக்கும் காத்திருக்காதே.

முகம் துடிக்க ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குக் கீழே லேசாகத் துடித்தது, நல்ல சேதி வரும் என்றார்கள். நல்ல சேதி வரவில்லை, துடிப்புதான் கன்னத்துக்கு இறங்கியது. பிறகு ஒரு பாடு நாளன்று அது நடந்தது. நீ அப்போது மீஞ்சூர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டாய், அன்று ஊரில் இல்லை. நம் ஊர் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது என்பது உனக்கே தெரியும். முறை வைத்துப் பாடு வரும். நல்ல தடம் இன்றைக்கு ஒரு குப்பத்துக்கு என்றால் நாளைக்கு இன்னொன்றுக்கு, நம்முடைய முறை வரும்வரை கரையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அன்றைக்கு நம் முறை, அதுவும் மடவை மீன் சீசன்.

மடவைக்குக் காது ஜாஸ்தி. படகுப் பலகையில் கோல் இடித்தால்கூடக் கூட்டம் முழுக்க எகிறிக் குதித்து ஓடிவிடும். அதனால் சுத்து வலை இறக்கும்போது ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வார்கள். முன்படகில் முனையில் நின்று கோல் போடுகிறவன் நான். மீன் இருக்கும் இடத்தைச் சுற்றி வளைத்ததும் இறக்கு என்று நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு கையும் கோலில் இருக்கும், வாய் திறக்கக் கூடாது, மிச்சம் முகம் ஒன்றுதான். திரும்பிப் பார்த்து வலது கண்ணை இறுக்கி மூடினால் வலை இறங்கும். நம் படகில் என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அன்று பாதி வட்டம்கூட ஆகவில்லை, சும்மா பின்னால் திரும்பிப் பார்த்தேன், இந்தக் கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு நொடிகூட யாரும் யோசிக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்கள். வலை சரசரவென்று இறங்கியது. திறந்திருந்த பக்கமாக மடவை முழுக்க வெள்ளி வெள்ளியாகக் குதித்துப் போய்விட்டது.

மாசிலாமணி அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னாடா பண்ண நீ? இப்பத்தான கண்ண மூடுன?"

"நான் மூடலண்ணா. அதுவே மூடிக்கிச்சு."

"அதுவே மூடிக்கறதுக்கு அது இன்னா பொட்டிக்கடையா?"

அவ்வளவுதான் பேச்சு. யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த பாடு வந்தபோது வேறு ஒருத்தனை முனையில் நிறுத்தி, என்னைப் பின்னால் தண்ணீர் இறைக்க உட்கார வைத்தார்கள். ஆனாலும் படகை விட்டு இறக்கவில்லை, இந்த வலது காதுக்காக. காலையில் மூட்டம் கட்டிக் கண்ணுக்கு எதுவும் தெரியாத நேரத்தில் மாசிலாமணி அண்ணன் கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து மோவாயைத் தூக்குவார். எங்கே என்று அர்த்தம். ஒற்றைக் காதுக்காரனுக்குத் திசை பிடிபடாது என்பார்கள். நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, மடவை துள்ளும் சத்தம் எப்போது நன்றாக விழுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் விரலைக் காட்டுவேன். முகம் போன பிறகு எனக்கு அந்தப் படகில் மிஞ்சிய மரியாதையான வேலை அது ஒன்றுதான்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சுண்ணாம்புக்குளத்தில் ஒருத்தர் வாதம் என்று சொல்லிப் புறா ரத்தம் தேய்த்தார். கன்னத்தில் வெயிலுக்குக் காய்ந்து இறுகிக்கொண்டு, துடிப்பு அதுபாட்டுக்கு உள்ளே துடித்தது. ஒரு தடவை பஸ்ஸில் எதிர் சீட்டில் இருந்த அம்மா, "இன்னாய்யா, இந்த வயசுல கண்ணடிக்கிற?"ன்னு செருப்பைக் கழற்றிவிட்டாள். உங்கம்மா குறுக்கே புகுந்து, "அது நோவும்மா, ஆசையில்ல. ஆசையிருந்தா எனுக்கு அடிச்சிருக்க மாட்டாரா?"ன்னு சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆரம்பாக்கத்தில் உனக்குப் பெண் பார்க்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். பெண்ணின் அப்பா மரியாதையாக, "எங்க பொண்ண உங்களுக்குப் புடிச்சிருக்கா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இந்த முகம் கண்ணடித்து, வாயைக் கோணிக் காட்டிவிட்டது. கதவுப் பக்கம் இருந்த பெண்கள் கிசுகிசுத்தார்கள், நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்தப் பெண் கலா காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, "வலிக்குதா மாமா?"ன்னு கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட ஆள் அவள்தான். வலி இல்லைம்மா என்றேன். அன்றைக்கே முடிவு பண்ணினேன், உன் கல்யாணப் பந்தலில் வருகிறவர்களை ஒழுங்கான முகத்தோடு வாங்க என்று கூப்பிட வேண்டும் என்று.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது வருகிறது. பெரிய டாக்டர் உன்னிடமும் சொல்லியிருப்பார். முகத்துக்குப் போகும் நரம்பை உள்ளே ஒரு ரத்தக்குழாய் இடித்துக்கொண்டே இருக்கிறதாம், அதுதான் இந்த ஆட்டம். வலது காதுக்குப் பின்னால் எலும்பில் ஓட்டை போட்டு, சின்ன மூளையை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் ஸ்பாஞ்சு மாதிரி ஒன்றைச் செருக வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் முக நரம்போடு ஒட்டிக்கொண்டே காது நரம்பும் போகிறது. மூளையை ஒதுக்கும்போது அந்தக் காது நரம்பு இழுபடும். கொஞ்சம் கூடுதலாக இழுபட்டாலும் காது போனது போனதுதான். மற்றவர்களுக்கு ஒரு காது போனால் இன்னொன்று இருக்கிறது. எனக்கு? முதலில் போன ஆஸ்பத்திரியில் இடது காதைச் சோதித்துப் பார்த்ததும் ஃபைலை மூடி, "இப்படியே இருந்துடுங்க பெரியவரே"ன்னு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே என்னை எடுத்துக்கொண்டது, காது நரம்பைக் கண்காணிக்கும் ஒரு மிஷின் இருப்பதால்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் பேர் வசந்தா, உன் வயசுதான் இருக்கும். நேற்று என்னைப் படுக்க வைத்து மண்டையிலும் காதுக்குப் பக்கத்திலும் பசை தடவி ஒயர் ஒட்டி, காதுக்குள் டக் டக் என்று ஒரு சத்தத்தை விட்டாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் மேடும் பள்ளமுமாக ஓடியது. ஒவ்வொரு மேடும் சத்தம் காதிலிருந்து மூளைக்குள் ஏறிப்போகும் வழியில் ஓர் இடமாம். கடைசியில் வரும் பெரிய மேட்டைத்தான் அவள் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். அது தள்ளிப்போனாலும் குட்டையானாலும் நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம்.

"நான்தான் மயக்கத்துல கெடப்பேனே, எனுக்கு எப்டிம்மா கேக்கும்?" என்றேன்.

"நீங்க தூங்குவீங்க, காது நரம்பு தூங்காது. அது பதில் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"சொல்லலன்னா?"

"ஒடனே டாக்டர்கிட்ட சொல்லுவேன். அவர் கைய எடுத்துட்டு நின்னுடுவார். மேடு திரும்பி வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொட மாட்டோம்."

கரண்டு போனால் என்ன செய்வாய், தும்மல் வந்தால் என்ன செய்வாய், டீ குடிக்கப் போவாயா என்றெல்லாம் கேட்டு அந்தப் பெண்ணின் பிராணனை வாங்கிவிட்டேன். கோபிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "உன் முகம் துடிக்குமாம்மா?"ன்னு கேட்டேன், அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி பாடு நாள் கதையைச் சொன்னேன். டாக்டரின் இரண்டு கையும் வேலையாக இருக்கும், கண் உள்ளே இருக்கும், அவள் சொல்வதுதான் அவருக்கு வழி. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் உண்மையைச் சொன்னாள். மிஷினும் சில நேரம் பொய் சொல்லுமாம். ஒயர் நழுவினால் மேடு குறையும், உள்ளே ஊற்றும் தண்ணீர் சில்லென்று இருந்தால் குறையும். அதனால் முதலில் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் பொய்யா மெய்யா என்று பார்ப்பாளாம். "மிஷின் காப்பாத்தாது சார், சொல்லும். அவ்வளவுதான்" என்றாள். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். பொய்யும் வரும் என்று தெரிந்து உட்காருகிறவள் கவனமாக இருப்பாள். இன்றைக்குக் காலையிலிருந்து முகம் துடிக்கும்போதெல்லாம் காதுக்குள் டக் டக் என்று கேட்கிறது. அது எப்போதும் கேட்பதுதான், ஆனால் இப்போது மிஷின் சத்தமாகவே விழுகிறது.

டாக்டர் கடைசியாகச் சொன்னதுக்கு வருகிறேன். மேடு விழுந்து, காத்திருந்தும் திரும்பாவிட்டால், அதுவரை குழாயை விலக்கி முடித்திருக்காவிட்டால், வெளியே ஆள் அனுப்பி உன்னிடம் கேட்பேன் என்றார். மேலே போய் முகத்தைச் சரி பண்ணட்டுமா, இல்லை, காது மறுபடி வர வழி விட்டு மூடிவிடட்டுமா என்று. அப்போது நான் பெரிய வீரனாட்டம், "எது ஆனாலும் மூஞ்சி சரியாவணும் டாக்டர்"ன்னு சொன்னேன். நீ கட்டில் கம்பியில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். நீ பேசாமல் சுரண்டினால் உள்ளே அழுகிறாய் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பெயிலான அன்றும் இப்படித்தான் சுவரைச் சுரண்டினாய்.

அந்த வீராப்பு எல்லாம் உன் கல்யாணத்தை நினைத்துச் சொன்னது. நீ போன பிறகு ஒரு காரியம் செய்து பார்த்தேன். வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு இந்த வார்டில் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் வாய் அசைந்தது. நர்ஸ் தட்டைக் கீழே போட்டாள், தட்டு சத்தமில்லாமல் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் மகள் என்னைப் பார்த்து என்னவோ கேட்டாள், நான் திருதிருவென்று விழித்தேன். கொஞ்ச நேரம்கூட இருக்க முடியவில்லை, கையை எடுத்துவிட்டேன். நாளைக்குப் பிறகு எடுக்க முடியாத கையாக அது இருந்தால் நான் என்ன செய்வேன்? உன் கல்யாணத்தில் மேளம் அடிக்கிறவன் கன்னம் உப்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கம்மா இத்தனை வருஷம் தேடி வந்த பக்கமும் இல்லாமல் போய்விடும், அவள் எந்தப் பக்கம் பாய் போடுவாள்?

அதனால் டாக்டர் ஆள் அனுப்பிக் கேட்டால், நிறுத்தச் சொல். யோசிக்காதே, அம்மாவைப் பார்க்காதே, "எங்க நைனா நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாரு, மூடிடுங்க"ன்னு சொல்லிவிடு. நிறுத்தியும் காது திரும்பாமல் போகலாம், டாக்டர் அதையும் மறைக்கவில்லை. அப்படி ஆனால் அது உன் வார்த்தையால் ஆனது இல்லை, நான் சொன்னதைத்தான் நீ சொன்னாய். பிறகு காலத்துக்கும் உட்கார்ந்து எதையாவது சுரண்டிக்கொண்டிருக்காதே. காது மிஞ்சி, முகம் இப்படியே துடித்தால் துடிக்கட்டும். பந்தல் வாசலில் நான் கண்ணடித்தால் வருகிறவர்கள் சிரிக்கட்டும். ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு என் முகத்தைப் பற்றி என் மருமகள் சொல்லிக்கொள்வாள். பொய் சொல்கிற முகத்தோடு என்னால் காலம் தள்ள முடியும், இந்த முகம் பொய் சொல்கிறது என்று தெரிந்த மனுஷர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும்.

உனக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அடிக்கும்போது காதில் பஞ்சு வை, மற்றவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். கலா முகம் சுளித்தால் என்ன அர்த்தம் என்று நீயே முடிவு கட்டாதே, வாயைத் திறந்து கேள். என் முகத்தைப் பார்த்து முடிவு கட்டினவர்கள் எல்லாரும் தப்பாகத்தான் கட்டினார்கள். கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கடைசியாக ஒன்று. நான் கண் விழிக்கும்போது சிலேட்டையும் காகிதத்தையும் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம், அம்மாவிடமும் சொல்லிவை. கட்டுப் போட்டாலும் காது துவாரத்தை விட்டுத்தான் போடுவார்களாம், வசந்தாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ என் கண்ணில் படாமல், தலைமாட்டில் வலது பக்கமாக வந்து நில். சின்ன வயசில் மாதிரி இடது பக்கம் நின்று ஏமாற்றாதே. அங்கே நின்று, நைனா என்று ஒரே ஒரு தடவை கூப்பிடு. நான் தலையைத் திருப்பினால் உங்கம்மாவைக் கூப்பிட்டு அவள் இடத்தில் உட்காரச் சொல். திருப்பாவிட்டால், மறுபடி கூப்பிடாதே. முன்னால் வந்து நின்று, ஜன்னல் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்.

உன் நைனா